இராக்கெட் நிலைகுலையாமல் செல்வது எங்ஙனம்?



இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு தளர்ந்தால், வண்டி தளர்ந்த மாட்டின் பக்கமே திரும்பும். பல எஞ்சின்கள் கொண்ட இராக்கெட்டிலும் இஃதே நிகழும். ஒரு பக்கத்து உந்துவிசை குறைந்தால், மொத்த விசையின் கோடு இராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தை விட்டு விலகும். அதனால் எழும் திருப்புத்திறன் இராக்கெட்டைப் புரட்ட முயலும்.

இதைத் தடுப்பது எவ்வாறு? உள்ளங்கையில் கோலை நிறுத்தும் சிறுவனைக் காண்போம். கோல் சாய்வதைக் கண் காண்கிறது. கை உடனே நகர்கிறது. இராக்கெட்டில் கைராஸ்கோப் என்னும் கருவி கண்ணாகிறது, கணிப்பொறி மூளையாகிறது. எஞ்சின்கள் சில பாகை திரும்பி, விசைக்கோட்டை மீண்டும் ஈர்ப்பு மையத்தின் வழியே செலுத்துகின்றன. இத்திருத்தம் நொடிக்குப் பன்முறை நிகழ்கிறது.

1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து, ஆளில்லா அப்பல்லோ 6 கலத்துடன் சாட்டர்ன் 5 இராக்கெட் எழுந்தது. அதன் இரண்டாம் அடுக்கில் ஐந்து எஞ்சின்கள். நடுவிலுள்ளது அசையாதது, சுற்றியுள்ள நான்கும் திரும்பவல்லவை. பறக்கையில் ஓர் எஞ்சின் பழுதுற்று நின்றது. கம்பிகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தமையால், அதை நிறுத்தும் ஆணை, பழுதற்ற அடுத்த எஞ்சினையும் நிறுத்திவிட்டது! ஒரே பக்கத்தில் இரண்டு எஞ்சின்கள் ஓய்ந்தன. ஆயினும் திரும்பவல்ல மற்ற இரண்டும் சாய்வை ஈடுசெய்தன. எஞ்சிய மூன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடுதலாக எரிந்தன. திட்டமிட்ட பாதை முற்றும் கிட்டாவிடினும், கலம் புவியைச் சுற்றும் பாதையை அடைந்தது.

எஞ்சின்கள் திரும்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்தால் இராக்கெட் நிலைகுலையும். அடுத்து மனிதரை அனுப்ப வேண்டியிருந்ததால், தப்பியது போதுமென எவரும் அமையவில்லை, காரணத்தைத் தேடினர். பற்றவைப்பானுக்கு நீர்ம ஹைட்ரஜன் செல்லும் மெல்லிய குழாய் அதிர்வால் உடைந்திருந்தது. தரையில் சோதித்தபோது, குளிர்ந்த குழாயின்மீது காற்று நீர்மமாகிப் படிந்து அதிர்வை அடக்கியது. காற்றற்ற உயரத்தில் அக்காப்பு இல்லை. குறை களையப்பட்டபின், 1968 டிசம்பரில் அதே வகை இராக்கெட்டில் அப்பல்லோ 8 கலம் மூவரை நிலவைச் சுற்றிவரச் செய்தது.

இளைஞர்களே! இத்துணைக்கும் அடிப்படையான ஈர்ப்பு மையமும் திருப்புத்திறனும் நம் பள்ளிப் பாடங்களே. இயற்பியல் நமக்கு எட்டாதது என்று ஒதுங்க வேண்டா. ஒரு கோலை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். ஏன் என்று வினவுங்கள். விடை காணும்வரை விடாதீர்கள்.