அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கையில் வட்டமாக என்னமோ ஒட்டியிருக்கிறதே, அது என்ன?" என்று லிஃப்டில் தினமும் யாராவது கேட்கிறார்கள். "ஒரே தடவையாகக் கூட்டத்தில் சொல்லிவிடுங்களேன்" என்றார் நம் செயலாளர். அதனால்தான் இங்கே நிற்கிறேன். நான் டாக்டர் இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிற, எழுபதைத் தாண்டிய ஒரு குடியிருப்பாளர், அவ்வளவுதான். மருந்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். அணிந்து பழகியதில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மருந்தீசுவரர் கோயில் கொண்ட ஊரில் இருக்கிறோம். ஆனாலும் இங்கே மருந்துப் பெட்டி இல்லாத வீடு குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதை முன்னின்று நடத்தியது நம் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 14 பேருக்கு என்றும் அது சொல்கிறது. எனவே உங்களுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் மாடியில் ஒருவருக்கு இருக்கும். இந்தப் பேச்சு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

இது என்ன செய்கிறது?

தோலுக்குக் கீழே முடி போன்ற ஓர் இழை, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போகிறது. அதில் உள்ள நொதி சர்க்கரையோடு வினை புரியும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து போனுக்கு அனுப்புகிறது. இந்த யோசனையை 1962-ல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க் முன்வைத்தார். அது மனிதர் உடம்பில் ஒட்டும் கருவியாகி, அங்கே முதல் அனுமதி பெற்றது 1999-ல். அப்போதும் மூன்று நாள் பதிவை டாக்டர்தான் பிறகு எடுத்துப் பார்க்க முடியும். இன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, சில வகைகளில் நிமிடத்துக்கு ஒரு முறை, நம் போனிலேயே எண் வருகிறது.

ஒன்றை மனதில் வையுங்கள். சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. திசுக்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. இரத்தத்தில் ஏறியதும் இறங்கியதும் அங்கே வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். விரல் குத்திப் பார்த்தால் 140, போனில் 165 என்று வந்தால் உடனே கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். சர்வதேச விதிப்படி குளுக்கோமீட்டருக்கே 100-க்கு மேல் 15 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி முக்கியம். 110 என்று இருந்து அம்பு நேராக இருந்தால் நிம்மதி. அதே 110-ல் அம்பு செங்குத்தாகக் கீழே காட்டினால் நடைக்குக் கிளம்பாதீர்கள்.

அன்றாடத் தொல்லைகள்

முதல் எதிரி நம் ஊர் வியர்வை. பீச்சில் இரண்டு ரவுண்டு நடந்தால் போதும், ஓரம் கிளம்ப ஆரம்பிக்கும். ஒட்டும் இடத்தைச் சாதாரண சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய், க்ரீம், பவுடர் எதுவும் கூடாது. குளித்த சூடு தணிந்த பிறகு ஒட்டுங்கள். மேலே ஒட்டும் பட்டை தனியாகக் கிடைக்கிறது. சென்சாரின் நடுவில் சிறு துளை இருந்தால் அதை மூடிவிடாதீர்கள். எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் சென்சார் மாற்றும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்ற ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் தோல் உரியாமல் வரும்.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம், ரவிக்கைக் கை. இறுக்கமான கை போட்டால் கழற்றும்போது சென்சாரும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, விளிம்பு படாத இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் கதவு நிலையில் இடித்துக்கொள்வதுதான் அதிகம்.

அடுத்தது, நடு ராத்திரிப் பொய் அலாரம். சென்சார் உள்ள கையின் மேல் படுத்தால் அந்த இடத்தில் திசு அழுந்தி, 58, 55 என்று காட்டும். எழுந்து விரலில் பார்த்தால் 120 இருக்கும். படுக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் ஒட்டுவது நல்லது. ஆனால் "பொய் அலாரம்தான்" என்று நீங்களே முடிவு செய்து தூங்கிவிடாதீர்கள். விரலில் ஒரு சொட்டு பார்த்துவிட்டுத் தூங்குங்கள். குளுக்கோமீட்டரைப் பரணில் போட்டுவிட வேண்டாம். புதிய சென்சாரின் முதல் நாளிலும், உடம்பு சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துவராதபோதும் அதுதான் துணை.

வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சில வகைகளில் பாராசிட்டமாலும் அப்படிச் செய்யும். பெட்டியில் உள்ள தாளில் இது எழுதியிருக்கும், படியுங்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேனுக்குப் போகும்போது சென்சார் இருப்பதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள்.

போனில் பேட்டரி மிச்சப்படுத்தும் வசதியை ஆன் செய்தால் ஆப் தூங்கிவிடும், அலாரம் அடிக்காது. ப்ளூடூத் எப்போதும் ஆனில் இருக்கட்டும். போனைப் பூஜை அறையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் இணைப்பு அறுந்துவிடும்.

சென்சார் ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். ஆயுளோ ஏறத்தாழ இரண்டு வாரம்தான். நாள் முடியுமுன் விழுந்தாலோ நின்றாலோ நிறுவனத்திடம் மாற்றுக் கேட்கலாம். அதற்கு சீரியல் எண் வேண்டும். ஒட்டிய அன்றே பெட்டியைப் போட்டோ எடுத்துவையுங்கள். தொடர்ந்து போட முடியாதவர்கள், டாக்டர் சொல்லும் சமயத்தில் மட்டும் இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பதும் பயன்தான். காலைப் பொங்கல் என்ன செய்கிறது, சாப்பிட்ட பின் கால் மணி நேர நடை என்ன செய்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

விலை அதிகம் என்று, குத்தாமலே சர்க்கரை காட்டும் என விளம்பரம் வரும் வாட்ச், மோதிரம் வாங்காதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

நம் சங்கத்துக்கென்றே ஒரு வேண்டுகோள். சென்சாரை ஒட்டிய பின் கையில் மிஞ்சும் கருவிக்குள் ஊசி இருக்கிறது. குப்பை பிரிக்கும் அம்மாவின் விரலில் அது குத்தக் கூடாது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் ஊசியை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் வகைப்படுத்தின. மூடியைத் திருகிக் கெட்டியான டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுங்கள்.

எந்த எண்ணுக்குக் கவலைப்படலாம்?

பொதுவாக 70-க்கும் 180-க்கும் இடையே நாளில் 70 சதவீத நேரம் இருந்தால் நல்லது என்று 2019-ல் சர்வதேச நிபுணர்கள் சொன்னார்கள். வயதானவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் அதே நிபுணர்கள் இலக்கைத் தளர்த்தினார்கள்: 50 சதவீத நேரம் இருந்தால் போதும். ஆனால் 70-க்குக் கீழே போகும் நேரம் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது நாளில் கால் மணி நேரம்கூடக் கூடாது. நம் வயதில் உயர்வைவிடத் தாழ்வுதான் உடனடி ஆபத்து. பாத்ரூமில் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், தனியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் போடுபவர்கள் மட்டுமல்ல, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் கவனியுங்கள். ஆகவே 190-ஐப் பார்த்து மதியச் சாப்பாட்டை விடாதீர்கள். ஒரு நாளைக்கு அறுபது தடவை போனைப் பார்ப்பதும் வேண்டாம்.

எண் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து விரலில் பாருங்கள். சென்சார் பின்தங்கித்தான் வரும்; அது இன்னும் 62 காட்டுகிறதே என்று லட்டு, பிஸ்கட் என்று தின்றுகொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் 300 ஆகிவிடும். விரலிலும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குளுக்கோஸ் குடியுங்கள். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவர்களுக்கு குளுக்கோஸ்தான் வேண்டும்.

அலாரம் எங்கே அடிக்கிறது?

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். நம் ஃப்ளாட்டுகளில் பல வீடுகளில் இரண்டே பேர், சில வீடுகளில் ஒருவரே. பிள்ளைகள் அமெரிக்காவில், சிங்கப்பூரில். அம்மாவின் சர்க்கரை எண் அவர்கள் போனிலும் தெரிகிற மாதிரி செய்து தந்திருக்கிறார்கள், நல்லதுதான். இங்கே ராத்திரி மூன்று மணிக்கு 50 என்று இறங்கினால் அங்கே அவர்கள் போனும் அலறும். அம்மாவைக் கூப்பிடுவார்கள், எடுக்க மாட்டார். பிறகு யாரைக் கூப்பிடுவார்கள்? எதிர் வீட்டு எண் அவர்களிடம் இல்லை. செக்யூரிட்டிக்கு எந்த ஃப்ளாட் என்று தெரியாது. தெரிந்து ஓடினாலும் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும்.

சென்சார் தன் வேலையைச் செய்துவிடும். மாடிப்படி ஏறி வந்து கதவைத் திறக்க மனிதர்தான் வேண்டும். அதற்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் தனியாக இருப்பவர்கள், நம்பிக்கையான ஓர் அண்டை வீட்டில் மாற்றுச் சாவி கொடுங்கள். இரவில் வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டை மட்டும் போடுங்கள், உள்தாழ் வேண்டாம். அந்த அண்டை வீட்டாரின் எண்ணும் செக்யூரிட்டி எண்ணும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

இரண்டு, செக்யூரிட்டி அறையில் ஒரு டப்பா குளுக்கோஸ் பவுடரும், விருப்பமுள்ளவர்களின் ஃப்ளாட் எண் கொண்ட பட்டியலும் இருக்கட்டும். பெயர் கொடுப்பது அவரவர் விருப்பம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டாயமும் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடவும் கூடாது.

மூன்று, வருபவர் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், உளறல், காரணமில்லாத கோபம் இவையெல்லாம் லோ ஷுகரின் அடையாளங்கள். நினைவோடு விழுங்க முடிந்தால் குளுக்கோஸ் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை நோயாளி என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்குக் கேட் திறந்திருக்கிறதா, லிஃப்ட் கீழே நிற்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து, இந்த வாரத்துக்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். பட்டியலில் சேர விரும்புபவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் ஃப்ளாட் எண்ணைக் கொடுங்கள். என் எண்ணை முதலில் எழுதிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.