பெருந்தொற்றுக் காலத்து நாட்டுக் கணக்கு

இந்தக் கருத்தரங்கின் பொருளைக் கேட்டதும் உங்களில் பலருக்கு 23.9 என்ற எண் நினைவுக்கு வந்திருக்கும். 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி அத்தனை விழுக்காடு சுருங்கியதாக ஆகஸ்ட் கடைசியில் அறிவித்தார்கள். அந்த எண்ணைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அது எப்படிக் கிடைத்தது என்று பேசியவர்கள் குறைவு. பொருளாதாரத்தை முடக்கிய பெருந்தொற்று, அதை அளக்கும் ஏற்பாடுகளையும் அதே வாரங்களில் முடக்கிவிட்டது. எவர்மீது அடி பலமாக விழுந்ததோ அவர்களைப் பற்றித்தான் நம் ஏடுகளில் ஏற்கெனவே மிகக் குறைவாக எழுதியிருந்தது. ஆகவே நெருக்கடி வந்தபின் புதுக் கருவிகளைத் தேடுவதைவிட, சாதாரண நாட்களின் பதிவேடுகளைச் செப்பமாக வைத்திருப்பதே புள்ளியியலின் முதல் வேலை என்பது என் வாதம்.

2020 மார்ச் 19 முதல், விலை விசாரிக்கக் களப்பணியாளர்கள் கடைகளுக்குச் செல்வது நின்றது. ஏப்ரல், மே மாதங்களின் நுகர்வோர் விலைப் பொதுக் குறியீடு உரிய நேரத்தில் வரவில்லை. விடுபட்ட விலைகளை மதிப்பிட்டு நிரப்பி ஜூலையில்தான் வெளியிட்டார்கள். ஏப்ரல் மாதத் தொழில் உற்பத்திக் குறியீட்டை முந்தைய மாதங்களோடு ஒப்பிடுவது பொருந்தாது என்று புள்ளியியல் அமைச்சகமே சொன்னது. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. முடியாததை முடியவில்லை என்று சொல்வது நேர்மை. சிக்கல் முறைசாராத் துறையில் இருக்கிறது. தள்ளுவண்டிக்காரரும் வீட்டுத் தறிக்காரரும் காலாண்டுக் கணக்கு தருவதில்லை. அவர்களுடைய போக்கைப் பெரும்பாலும் முறைசார்ந்த நிறுவனங்களின் போக்கை வைத்தே மதிப்பிடுகிறோம். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் காலத்தில் இது ஓரளவு பொருந்தும். பெரிய நிறுவனம் வீட்டிலிருந்தே வேலையைத் தொடர, தள்ளுவண்டி தெருவுக்கே வர முடியாத காலத்தில் எப்படிப் பொருந்தும்? அத்தகைய சிறு தொழில்கள் பற்றிய நாடளாவிய கணக்கெடுப்பு 2015–16இல் நடந்தது; அடுத்தது 2021–22இல்தான். இடையில் வந்த பள்ளத்தின் ஆழத்தை நேரில் பார்த்த கணக்கு இல்லை. 2020–21ஆம் ஆண்டின் சுருக்கம் தற்காலிக மதிப்பீட்டில் 7.3 விழுக்காடாக இருந்து, 6.6 ஆகி, 5.8இல் வந்து நின்றதை அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

வேலைக் கணக்கு இன்னும் விந்தையானது. அதே ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை, வாராந்தர அளவீட்டின்படி, ஏறத்தாழ 21 விழுக்காடு. ஆனால் அந்தக் காலாண்டையும் உள்ளடக்கி ஜூனில் முடியும் 2019–20 ஆண்டறிக்கையில், ஓராண்டு முழுவதையும் பார்க்கும் அளவீட்டின்படி, நாட்டின் வேலையின்மை 5.8இலிருந்து 4.8ஆக இறங்கியிருக்கிறது, அடுத்த ஆண்டில் 4.2. இரண்டும் ஒரே கணக்கெடுப்பில் வந்தவை, இரண்டும் பொய்யல்ல. வேளாண்மையில் உழைப்போரின் பங்கு 2018–19இல் 42.5 விழுக்காடாக இருந்து, ஈராண்டில் 46.5 ஆனது என்ற வரியைப் பக்கத்தில் வைத்தால் புதிர் அவிழும். நகரத்தில் கூலியை இழந்து ஊர் திரும்பியவர் அண்ணனின் வயலில் இறங்கினால், கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலுக்குக் கைகொடுக்கும் பெண்ணும் அப்படியே. உழைப்பில் பெண்களின் பங்கேற்பு 24.5இலிருந்து 32.5 விழுக்காடாக உயர்ந்ததை வெற்றி என்று கொண்டாடியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. வறுமை வேலையின்மை விகிதத்தைக் குறைக்கவும் செய்யும். ஏழைக்குச் சும்மா இருக்க வசதி ஏது? வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அந்த 299 எவ்வளவு ஆனது? அடுத்த கணக்கெடுப்பு நடந்தது 2024இல்.

இறப்புக் கணக்குக்கு வருவோம். ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு இல்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில், சென்னையில் விடுபட்டிருந்த 444 தொற்று இறப்புகளைத் தமிழ்நாடு அரசு தன் கணக்கில் சேர்த்தது; தாமதமானாலும் அது நல்ல முன்மாதிரி. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் மிகை இறப்புகள் என உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. அரசு எண்ணிய தொற்று இறப்புகள் 4.8 லட்சம். கணித மாதிரியை நம்பி ஒரு நாட்டின் இறப்புகளை எண்ணலாமா என்று அரசு ஆட்சேபித்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் மாதிரிக்கு இடம் கொடுத்தது பதிவேட்டின் மௌனம். பதிவான இறப்புகள் 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. பின்னதை நாடு அறிந்தது 2025 மே மாதத்தில். பதிவு விகிதமே மேம்பட்டதால் உயர்வு முழுவதையும் தொற்றின்மேல் ஏற்ற முடியாதுதான். மருத்துவர் காரணம் சான்றளித்த இறப்புகள் 2020இல் 22.5 விழுக்காடே என்பதால் பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

உயிரைக் காக்கும் நேரத்தில் கணக்கெடுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை அப்போதும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்தே நின்றது. பழைய எண்ணிக்கைக்கு வெளியே இருந்தவருக்கு ரேஷன் அரிசியும் எட்டாமல் போகலாம். ஜிஎஸ்டி வசூல், மின்நுகர்வு, கைபேசி நடமாட்டம் ஆகியவை போதாவா என்பது இன்னொரு வாதம். அவை விரைவானவை, வேண்டியவையும்கூட. ஆனால் ரசீது போடுபவரை மட்டுமே ஜிஎஸ்டி அறியும். அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே குடும்பங்களிடம் விரைவுக் கணக்கெடுப்பைத் தொடங்க முடிந்ததற்குக் காரணம், அதன் கணக்கெடுப்பு அமைப்பிடம் வீட்டு முகவரிப் பட்டியல் முன்பே ஆயத்தமாக இருந்ததுதான்.

2021இல் நடந்திருக்க வேண்டிய நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என நாள் குறித்திருக்கிறார்கள். அதன் வீட்டுப் பட்டியல் ஆய்வாளர்களுக்கு விரைந்து திறக்கப்பட வேண்டும். பதிவான இறப்புகள், மாவட்ட வாரியாக, மாதந்தோறும் வெளிவர வேண்டும். இவ்விரண்டையும் இந்தக் கருத்தரங்கு தன் தீர்மானத்தில் சேர்த்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.