‘இந்தியத் தமிழர்’ என்றால் இந்தியப் பிரஜை அல்ல
(டயகமவுக்குத் திரும்பிய குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் வவுனியா பக்கமிருந்தும், சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். போன கூட்டத்தில் ஒரு அம்மா பிறப்புச் சான்றிதழை நீட்டி, “இதுல இந்தியத் தமிழர்னு போட்டிருக்கே, திரும்ப அனுப்பிடுவாங்களா?” என்று கேட்டார்.

அனுப்ப மாட்டார்கள். அது இனத்தின் பெயர். குடியுரிமை வேறு. 1911ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டிலிருந்து இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எழுதி வருகிறார்கள். இங்கேயே நான்கு தலைமுறை பிறந்தவருக்கும் அதே பெயர்தான். எனக்கும் அதுதான்.

2012 கணக்கைப் பாருங்கள். நாட்டில் நூறு பேருக்குச் சுமார் 75 பேர் சிங்களவர், 11 பேர் இலங்கைத் தமிழர், 9 பேர் சோனகர். நாம் 4 பேர். மத்திய மாகாணத்திலும் சிங்களவர்தான் கூட, சுமார் 66 பேர். நுவரெலியா மாவட்டத்துக்குள் வந்தால் கணக்கு மாறுகிறது: நாம் 53, சிங்களவர் 40. நாட்டில் சிறு தொகை, இங்கே பாதிக்கு மேல்.

முன்பு அப்படியில்லை. 1953இல் நாடு முழுவதிலும் நாம் நூறுக்கு 12 பேர். இலங்கைத் தமிழரைவிடக் கூட. 1948 சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அத்தனை பேரும் போகவில்லை, ஆனாலும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். 1977, 1983 கலவரங்களில் அடிபட்டவர்கள் வன்னிக்குப் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பலரை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தார்கள். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று இருக்கும். அதை மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். இனப் பெயரால் உங்கள் குடியுரிமை கூடவோ குறையவோ செய்யாது.

பார்க்க வேண்டியது வேறு. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தருகிறது. இடம்பெயர்ந்து இந்தியாவுக்குப் போனவர்களுக்காக 2009இல் திருத்தமும் வந்தது. ஆகவே தாத்தா, பாட்டி தோட்டத்தில் இருந்ததைக் காட்டும் எந்தத் துண்டையும் எறிய வேண்டாம்: பழைய செக்ரோல் பதிவு, சேமலாபநிதிக் கடிதம், பாடசாலை விடுகைப் பத்திரம், எதுவானாலும்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இலங்கைப் பிரஜையாகத் தனியாகப் பதிய வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். பத்திரங்களோடு முன்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.