பொய் சொன்ன நோட்டுப் புத்தகம்

(நவம்பர் 14, உலக நீரிழிவு நாளை ஒட்டி நம் சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பதினான்கு வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன். அந்தத் தகுதியில்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் பார்க்கும் அளவுகளை நோட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். 240 வந்தால் 150 என்று எழுதுவேன். திட்டு வாங்கப் பயம். ஆனால் எச்பிஏ1சி சோதனை, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைப் போட்டுக் கொடுத்துவிடும். நோட்டில் எல்லாம் சமர்த்து, சோதனையில் 9.4. டாக்டர் திட்டவே இல்லை. "நீங்க எழுதினதை நம்பி நான் மருந்து கொடுத்தா யாருக்கு சார் நஷ்டம்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என்னால் முடியும் என்ற தைரியம்தான் இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-லேயே இதை எழுதியிருக்கிறார். அறிவுரை கேட்பதைவிட, சின்னதாக ஒன்றைச் செய்து ஜெயித்தால்தான் அந்த நம்பிக்கை வருமாம். என் மகள் படித்துச் சொன்னாள்.

சரி என்று ஒரு வாரம் மட்டும் டிபனுக்கு முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் விரலைக் குத்திப் பார்த்தேன். ஸ்ட்ரிப் விலை கையைக் கடிக்கிறது, அதனால்தான் ஒரு வாரம். நான்கு இட்லி, சட்னி: 238. மறுநாள் இரண்டு இட்லி, கிண்ணம் நிறைய சாம்பார், கொஞ்சம் சுண்டல்: 176. சாப்பிட்டபின் 180-க்குள் என்பது பலருக்கும் சொல்லப்படும் இலக்கு. அன்றைக்கு 176 என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன் பாருங்கள், அந்தச் சந்தோஷமே வேறு. இது என் உடம்புக் கணக்கு. உங்களுடையதை உங்கள் மீட்டர்தான் சொல்லும்.

தைரியம் என்றதும் மாத்திரையை நிறுத்துவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் கஷாயங்களைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம்!

தாழ்சர்க்கரை பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கிளிமிபிரைடு மாத்திரை போட்டுவிட்டு மதியம் சாப்பிடாமல் மாலை நடைக்குக் கிளம்பினேன். பி பிளாக் படிக்கட்டில் வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல். நம் வாட்ச்மேன்தான் உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். இப்போது என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் உண்டு. ஆனால் மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக, விழாக்களில் "ஒரு ஜாங்கிரிதானே மாமா" என்று தட்டை நீட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் வேண்டாம் என்றால் ஒருமுறையோடு விட்டுவிடுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு கிளப் ஹவுஸில் இருப்பேன். மீட்டர் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். நோட்டையும் கொண்டு வாருங்கள். என் பழைய நோட்டையும் காட்டுகிறேன்.