"வயசானா விழத்தான் செய்யும்"

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் பாடசாலை மண்டபத்தில் நடத்திய சுகாதார முகாமில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேசியது பத்தாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில். மூன்றாம் பரிசு கிடைத்தது. இன்று போட்டிக்கு ஆளில்லாத தைரியத்தில் வந்திருக்கிறேன்.

பல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு அது அம்மாவிலிருந்துதான் தொடங்கும். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் இங்கே விடுதியில் இருந்து படித்த காலத்தில், ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகும்போது அவர் வாயில் ஒரு பல் குறைந்திருக்கும். சூத்தை இல்லை, வலியும் இல்லை. ஆடும், பிறகு விழும். கேட்டால், "வயசானா விழத்தான் செய்யும் புள்ள" என்பார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட முடியவில்லை.

அது வயது அல்ல, முரசு நோய் என்று நான் தெரிந்துகொண்டது பேராதனைப் பல்மருத்துவ பீடத்தின் விரிவுரை மண்டபத்தில். அன்று விரிவுரையாளர் சொன்ன ஆராய்ச்சியில் வந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டுத் திடுக்கிட்டேன். டன்சினன், ஹரோ. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள். 1970ஆம் ஆண்டு ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரின் குழு அங்கே 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒஸ்லோவில் இதேபோல் இன்னொரு குழுவினரைப் பரிசோதித்திருந்தார்கள். ஒழுங்கான பற்சிகிச்சை பெற்றுப் பழகியவர்கள் அவர்கள். நம்மவர்களோ பற்சிகிச்சையும் முறையான துலக்கலும் அறியாதவர்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் முரசு நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதற்காகவே அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். இதை அன்றும் என்னால் இலகுவாக விழுங்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது: இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாய் வெறுமை. 81 பேருக்கு நடுத்தர வேகம். முப்பதுக்குப் பிறகு பல் விழத் தொடங்கியது. 11 பேருக்கு நோய் முன்னேறவே இல்லை. இத்தனைக்கும் அவர்களிடம் சூத்தைப் பல் அநேகமாக இல்லை. சூத்தை இல்லாவிட்டால் பல் நல்லது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். 2010இல் மறுபடியும் தேடிப் போனபோது, அந்த 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. உலகெங்கும் பல்மருத்துவ மாணவர்கள் இன்று இந்த எண்களைப் படிக்கிறார்கள்.

480 பேரும் ஆண்கள். கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால் முரசு வீங்கி இரத்தம் கசியும். எங்கள் அம்மாமார் எத்தனை பிரசவம் கண்டவர்கள்! "பிள்ளைக்கு ஒரு பல்" என்று அவர்கள் சொன்னது, குழந்தை கல்சியத்தை உறிஞ்சியதால் நடந்ததல்ல. கவனிக்காமல் விட்ட முரசினால் நடந்தது.

இதே லோ 1965இல் இன்னொன்றையும் காட்டினார். முரசு ஆரோக்கியமாக இருந்த சிலரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி. மறுபடி துலக்கினார்கள், சில நாட்களில் மாறியது. ஆகவே துலக்கும்போது இரத்தம் வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் கூடுதலாகத் துலக்க வேண்டும். இரண்டு கிழமையிலும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் வாருங்கள். பற்காரை கல்லாகப் படிந்துவிட்டால் எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது.

இங்கே பாதிப்பேர் நீரிழிவு மாத்திரை போடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். சிற்றுண்டி மேசையில் சீனி இல்லாத தேநீர்தான் முதலில் முடிந்தது. சீனி கூடினால் முரசு நோய் கூடும். முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். முரசுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்தலாம் என்று அர்த்தமல்ல. இதய நோய்க்கும் முரசுக்கும் தொடர்பு தெரிகிறது. ஆனால் பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தளவுக்கு நிரூபணம் இல்லை.

வெற்றிலையை விட்டுவிட்டுப் பேசினால் நான் பொய் சொன்னவளாவேன். நம் நாட்டு ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். மெல்லும் பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. "நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை, காரம் தாங்காமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை என்று தள்ளாதீர்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை கண்டியிலிருந்து பஸ்ஸில் எட்டும் தூரம்தான். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஒரு புத்தகம் கொண்டு போங்கள்.

பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. புளோரைட் 1000 பிபிஎம்முக்குக் குறையாத பற்பசை, காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவு போதும். துலக்கியபின் துப்பட்டும், தண்ணீரால் அலசித் தள்ள வேண்டாம். பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கப் பழக்காதீர்கள்.

அம்மாவுக்குக் கடைசியில் நானே பல் செட் செய்து கொடுத்தேன். நல்ல நாட்களில் மட்டும் போடுவார். மற்ற நாட்களில் அது ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணீருக்குள் கிடக்கும். முறுக்குச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தச் செட்டால் அது முடியவில்லை.

பக்கத்து வகுப்பறையில் என்னுடன் வந்த இரண்டு இளம் வைத்தியர்கள் கண்ணாடியும் டோர்ச்சுமாகக் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும், காசு இல்லை. வயதான அம்மாவையோ மாமியையோ கூட்டி வந்தவர்கள் முதலில் வாருங்கள்.