வேர்க்காத உடம்பு
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நான் சக்கர நாற்காலியில் வந்து இறங்கியதும் பழைய தோழன் ஒருவன் கேட்டான்: "என்னடா, ஈரத் துண்டும் கழுத்துமா வந்திருக்கே? குளிச்சிட்டு அப்படியே வந்துட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் துண்டின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1991-இல் இங்கே இயற்பியல் பட்டம் பெற்றேன். 1996 கோடையில் எங்கள் ஊர்க் கிணற்றில் தலைகீழாகக் குதித்தேன். சின்ன வயசிலிருந்து குதித்த கிணறுதான். அந்த வருஷம் தண்ணீர் இறங்கிக் கிடந்ததை யோசிக்கவில்லை. கழுத்து முள்ளெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியது. கை கால் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வேர்வை போனதை யாரும் பார்க்கவில்லை. எனக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் அது புரிந்தது.

1998 மே மாதம், அக்னி நட்சத்திரம். அக்கா மகள் கல்யாணத்துக்கு வேனில் மூன்று மணி நேரப் பயணம். வழியில் தலை சுற்றியது, வாந்தி வந்தது, பேச்சு குழறியது. தெர்மாமீட்டரில் 104 டிகிரி. வழியில் இருந்த ஒரு மருத்துவமனையில் காய்ச்சல் என்று ஊசி போட்டு, போர்த்திப் படுக்க வைத்தார்கள். சூடு இறங்கவில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாத என் அம்மா நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "புள்ளைக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லையே, உடம்பு அடுப்பா கொதிக்குதே!" என்று போர்வையை உருவி எறிந்தார். தன் சேலையை நனைத்து என்மேல் விரித்து, ஃபேனைத் திருப்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெளிவு வந்தது.

அது காய்ச்சலே அல்ல. காய்ச்சலில் மூளையே "சூட்டை ஏற்று" என்று உத்தரவு போடுகிறது. பாரசிட்டமால் அந்த உத்தரவை மாற்றும். என் மூளையோ "குளிரச் செய்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பி அறுந்ததால் தகவல் போய்ச் சேரவில்லை.

உடம்பின் சூட்டைக் கவனிப்பது மூளையிலுள்ள ஹைபோதலாமஸ். வேர்வைச் சுரப்பிகளுக்கும் தோலின் ரத்தக் குழாய்களுக்கும் அதன் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் இறங்குகிறது. மார்புப் பகுதியிலும் இடுப்பின் மேற்பகுதியிலும் நரம்புகளாக வெளியே வருகிறது. கழுத்திலேயே தண்டுவடம் முழுதும் அறுபட்டால் வெயிலுக்கு முகம்கூடச் சரியாக வேர்க்காது. மார்புக்குக் கீழே அடிபட்டவருக்கு மேல் உடம்பு வேர்த்து ஓரளவு சமாளிக்கும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியவர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவரும் அவரே. சில்வர், விண்டம் என்ற இருவரோடு சேர்ந்து 1958-இலேயே அவர் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

எங்கள் பேராசிரியர் உள்ளுறை வெப்பம் நடத்தியபோது நான் கடைசி பெஞ்சில் தூங்கினேன். இப்போது அதை வைத்துத்தான் உயிர் வாழ்கிறேன்! தோலில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 60 கிலோ உடம்பின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் இறங்க ஏறத்தாழ 50 ஆயிரம் கலோரி வெளியேற வேண்டும். அதாவது அரை டம்ளர் தண்ணீர், 100 மில்லி, என் தோலிலிருந்து முழுதும் ஆவியானால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடவே இறங்கும். அதனால்தான் இந்தத் துண்டு. கூடவே, சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்றும் வைத்திருக்கிறேன். அனல் காற்றில் வெறும் ஃபேன் மட்டும் போட்டால் வெந்ததுதான் மிச்சம். முதலில் தோலை நனைக்கணும், அப்புறம்தான் ஃபேன்.

எங்களைப் போன்றவர் வீட்டில் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். வெயிலில் நின்ற வண்டியின் சீட் சுட்டாலும் எங்களுக்குத் தெரியாது. உட்கார வைக்குமுன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். கழுத்திலோ மேல் மார்பிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை பிளக்கும் வலியோடு முகம் வேர்த்தால் அது நல்ல வேர்வை அல்ல. ரத்த அழுத்தம் ஏறுகிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. முதலாண்டில் சக்கர நாற்காலியில் வந்து படிக்கும் ஒரு தம்பியைக் காலையில் பார்த்தேன். அவருக்கும் தண்டுவடத்தில்தான் அடி. தண்ணீர் நீட்டினேன். "வேண்டாம் சார். குடிச்சா போகணும். போற மாதிரி பாத்ரூம் இங்க இல்ல. வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்" என்றார். காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணி வரை, இந்த வெயிலில், அந்த உடம்போடு!

நம்ம பேட்ச் சார்பில் வாசலில் அலங்கார வளைவு கட்டுவதாகத் தீர்மானம். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது அதை மாற்றும்படி கேட்கிறேன். வளைவு அடுத்த வருஷம் வரட்டும். முதலில், நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு வைத்த கழிப்பறை ஒன்று, அதற்கு ஒரு சாய்தளம், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். ஊனமுற்றோருக்கும் ஏற்றபடி வளாகம் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், அந்தத் தம்பி தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும், அதற்காகச் செய்வோம்.

என் பங்குத் தொகையை மேடையிலேயே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். துண்டு காய்ந்துவிட்டது, யாராவது நனைத்துக் கொடுங்கள்.