நாள் தவறாத் தியானம் நல்கும் பயன்கள்

(ஆலயத்தின் மாதாந்திர சமய வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தியானத்தின் பயன்களைப் பற்றிப் பேசுமாறு ஆலய நிர்வாகத்தினர் என்னைப் பணித்துள்ளனர். நான் துறவியும் அல்லேன். ஆகமம் கற்றுத் துறைபோகிய பண்டிதனும் அல்லேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, கிடைக்கும் கால் மணி நேரத்தில் கண்மூடி அமரும் ஒரு சாதாரண மனிதன். ஆகையால், நம்மைப் போன்ற இல்லறத்தார்க்கு எது இயலுமோ அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மலேசிய இந்துக்களாகிய நம்மிடம் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. விரதம் என்று வந்துவிட்டால் நாம் உறுதியாக நிற்போம். தைப்பூசத்திற்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் பல வாரங்கள் விரதம் காக்கின்றனர். சிலர் 48 நாட்கள் கொண்ட ஒரு மண்டலம் முழுவதும் மரக்கறி உணவு உண்டு, பாயில் படுத்து, மதுவும் புகையும் நீக்கி, கடுஞ்சொல் தவிர்த்து வாழ்கின்றனர். அந்நாட்களில் அவ்வீட்டில் நிலவும் அமைதியைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். ஆனால், காவடி இறக்கிய பின் என்ன நடக்கிறது? ஒரு வாரத்திற்குள் பழைய கோபம், பழைய பேச்சு, பழைய பழக்கம் யாவும் திரும்பிவிடுகின்றன. ஆண்டில் ஒரு மண்டலம் நம்மால் முடிகிறது. எஞ்சிய 317 நாட்களுக்கு நம்மிடம் என்ன விரதம் இருக்கிறது? அந்த 317 நாட்களுக்கும் உரிய விரதமே தியானம் என்பது என் தாழ்மையான கருத்து.

தியானம் என்றால் என்ன? பதஞ்சலி முனிவர் யோகத்தை எட்டு உறுப்புகளாக வகுத்தார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. நம் திருமூல நாயனாரும் பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த அட்டாங்க யோகத்தையே விரித்துரைக்கிறார். இவற்றுள் தியானம் ஏழாவதாக நிற்பதைக் கவனியுங்கள். நல்லொழுக்கமே முதற்படி. வீட்டில் பொய்யும் வன்சொல்லும் பேசிவிட்டு, பூசையறையில் கண்மூடி அமர்ந்தால் மனம் அடங்காது. மனத்தை ஒரு பொருளில் நிறுத்த முயல்வது தாரணை. அந்த முயற்சி நீர்த்துளிகள் விட்டு விட்டுச் சொட்டுவது போன்றது. அதுவே இடையறாமல் எண்ணெய் ஒழுக்குப் போல் அமைந்தால் தியானம் எனப் பெரியோர் விளக்குவர்.

இல்லறத்தாருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்போர்க்கு, நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு மகானைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பாய்க்குப் புகழ்பெற்ற பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசுவாமி என்னும் மருத்துவர், 1913இல் மலாயாவிற்கு வந்தார். சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலுமாக ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். அவரே பிற்காலத்தில் ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தோற்றுவித்த சுவாமி சிவானந்தர். பத்துமலையில் அவர் பெயரால் ஆசிரமம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

அவர் தம் அன்பர்களை ஆன்மிக நாட்குறிப்பு எழுதச் சொன்னார். இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜெபம் செய்தாய், எத்தனை முறை கோபப்பட்டாய் என்பன போன்றவற்றை நாள்தோறும் குறித்துவரச் செய்தார். ஜெபத்தின் எண்ணிக்கையும் கோபத்தின் எண்ணிக்கையும் ஒரே ஏட்டில் வருவதை எண்ணிப் பாருங்கள். தியானத்தின் பயனை எங்கே தேட வேண்டும் என்பதற்கு அதுவே விடை. கண்மூடியிருக்கும்போது ஒளி தெரிந்ததா, ஓசை கேட்டதா என்று தேட வேண்டியதில்லை. கண்திறந்த பின் மனைவியிடமும் மக்களிடமும் எப்படிப் பேசினோம் என்பதில் தேட வேண்டும்.

முதற்பயன் இதுதான். ஒருவர் நம்மைச் சுடுசொல் கூறும்போது, அச்சொல்லைக் கேட்பதற்கும் நாம் மறுமொழி கூறுவதற்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டாகிறது. அலுவலக முகப்பில் நெடுநேரம் வரிசையில் நின்று களைத்தவர் நம்மிடம் வந்து சினப்பதுண்டு. முன்பெல்லாம் நாவில் உடனே வந்து நிற்கும் சொல், தியானம் பழகியவர்க்கு ஒரு மூச்சு தாமதித்து வருகிறது. அந்த ஒரு மூச்சில், எதிரே நிற்பவரின் களைப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு வரும் சொல் வேறாகிவிடுகிறது.

இரண்டாவது பயன், நம் வழிபாடே ஆழமடைகிறது. சந்நிதியில் தீபாராதனை நடக்கும்போது நம் மனம் எங்கே இருக்கிறது? கார் நிறுத்திய இடத்திலும் கைப்பேசியிலும் அல்லவா இருக்கிறது! வீட்டில் கால் மணி நேரம் மனத்தை நிறுத்தப் பழகியவர், சந்நிதியில் அந்த அரை நிமிடமேனும் இறைவனோடு நிற்கிறார்.

மூன்றாவது, உடல் பெறும் பயன். ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சனும் ராபர்ட் கீத் வாலஸ் என்பவரும், தியானம் செய்யும்போது உடல் பயன்படுத்தும் பிராணவாயுவின் அளவும் இதயத் துடிப்பும் குறைவதை 1972இல் எழுதி வெளியிட்டனர். 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ ஏடு, 3,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. மனக்கலக்கம், மனச்சோர்வு, உடல்வலி ஆகியவை தியானப் பயிற்சியால் ஓரளவு குறைகின்றன என்பது அதன் முடிவு. ஆயினும், மருந்தைவிடவோ உடற்பயிற்சியைவிடவோ தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அக்கட்டுரை கூறியது.

இந்த இரண்டாவது பகுதியையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியர்களுள் வயது வந்தோரில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் நீரிழிவு உடையவர்கள். தியானம் செய்கிறேன், இனி மாத்திரை வேண்டாம் என்று எவரும் கூறிவிடக் கூடாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தவறாது உண்ணுங்கள். தியானத்தையும் தவறாது செய்யுங்கள். அவ்வாறே, கடுமையான மனநோயால் வருந்துவோர் மருத்துவரின் ஆலோசனை பெற்றே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

இனி, நம்மவர் கூறும் தடைகளைப் பார்ப்போம். "நேரமில்லை" என்பது முதல் தடை. பிரம்ம முகூர்த்தத்தில் எழுவது சிறந்ததே. ஆனால், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் சகோதரரிடம் அதைக் கூறிப் பயனில்லை. அவர் குளித்தவுடன் அமரட்டும். நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு தியானத்தையும் முடிந்துவிட்டால் அது நிலைக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் கிடைக்கும் சிறிது நேரம் தாய்மார்களுக்கு ஏற்றது.

"மனம் அலைகிறதே" என்பது இரண்டாம் தடை. மனம் அலையத்தான் செய்யும். அலைந்த மனத்தை அறிந்து மீண்டும் அழைத்து வருகிறோமே, அதுவே பயிற்சி. இருபது முறை அலைந்தால் இருபது முறை அழைத்து வாருங்கள். இன்று மனம் அடங்கவில்லை என்பதற்காக நாளை அமராமல் இருக்க வேண்டாம்.

"முழங்கால் வலிக்கிறது" என்போர் நாற்காலியில் அமரலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும்.

செய்யும் முறை எளியது. ஒரே இடம், ஒரே நேரம். முதல் சில நிமிடங்கள் மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். பின்னர், நமசிவாய என்னும் ஐந்தெழுத்தையோ, சரவணபவ என்னும் ஆறெழுத்தையோ, உங்கள் இஷ்ட தெய்வத்தின் திருநாமத்தையோ ஜெபியுங்கள். வாய்விட்டுச் சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைவது உபாம்சு. மனத்துள் சொல்வது மானசம். புதியவர்கள் வாசிகத்தில் தொடங்கி மானசத்திற்குச் செல்லலாம். 108 மணிகள் கொண்ட ஒரு மாலை முடிந்ததும், சிறிது நேரம் சும்மா இருங்கள். அவ்வளவே.

ஜான் கபாட்-சின் என்பார் 1979இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பள்ளியில் தொடங்கிய தியானப் பயிற்சி, எட்டு வாரம், அதாவது 56 நாட்கள் கொண்டதாக அமைந்தது. நம் மண்டலமோ 48 நாட்கள். ஒரு பழக்கம் வேரூன்றுவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் போதா என்பதை இரண்டுமே உணர்த்துகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2024இல் டிசம்பர் 21ஐ உலகத் தியான நாளாக அறிவித்தது. மகிழ்ச்சிக்குரியதே, ஆனால், ஆண்டுக்கு ஒரு நாள் செய்யும் தியானம் ஆண்டுக்கு ஒரு நாள் உண்ணும் உணவைப் போன்றது.

நிறைவாக, இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஆலய நிர்வாகத்தினருக்கு. வாரத்தில் ஒரு நாளேனும், மாலைப் பூசை முடிந்தபின் பத்து நிமிடங்கள் ஒலிபெருக்கியை நிறுத்தி, அன்பர்கள் அமைதியாக அமர வழிசெய்யுங்கள். வழிபாட்டிற்குப் பின் சற்றே அமர்ந்து செல்வது நம் முன்னோர் வழக்கம். அமர்கிறோம், ஆனால் அமைதிக்குத்தான் அங்கே இடமில்லை.

மற்றொன்று, அன்பர்களாகிய உங்களுக்கு. வரும் திருவிழாவின் கொடியிறக்கம் முடிந்த மறுநாள் ஒரு புதிய மண்டலத்தைத் தொடங்குங்கள். வீட்டு நாட்காட்டியில், அமர்ந்த நாளுக்கு ஒரு கோடிடுங்கள். கோபப்பட்ட நாளுக்கு ஒரு புள்ளியிடுங்கள். 48ஆம் நாள் அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். பயன் உண்டா இல்லையா என்பதை அந்த நாட்காட்டி சொல்லும். உங்கள் வீட்டார் அதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

 எல்லாம் வல்ல இறைவன் திருவருள் யாவர்க்கும் கூடுவதாக.

திருச்சிற்றம்பலம்.